சூடு அறியும் கோல்



கொச்சியிலிருந்து தனுஷ்கோடிக்குச் செல்லும் நெடுஞ்சாலை மூணாறைக் கடந்து, ஆனையிறங்கல் நீர்த்தேக்கத்தின் ஓரமாகப் போடிமெட்டை நோக்கி வளைந்து வளைந்து போகிறது. அந்தச் சாலையை விட்டுச் சற்றே விலகினால் சூரியநெல்லி என்னும் சிற்றூர். ஒரு புறம் தேயிலை, மறு புறம் ஏலம். கொழுக்குமலையைக் காண வருகிறவர்கள் ஜீப் ஏறுவது இங்கேதான். கொழுக்குமலை தமிழ்நாட்டுத் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் வண்டியில் அங்கே போவதற்குக் கேரளத்துச் சூரியநெல்லியைத் தவிர வேறு வழியில்லை. 1956ஆம் ஆண்டில் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம் பகுதி கேரளத்தோடு நின்றது. எல்லைக்கோடு நகர்ந்ததே தவிர, லயங்களில் குடியிருந்த தமிழர்கள் நகரவில்லை. அத்தகைய லயம் ஒன்றில் பிறந்தவன் நான். இப்போது இருப்பது தில்லியில். மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளர் வேலை.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது வெப்பநிலையை அளக்கும் தொழிற்சாலைக் கருவிகளைப் பற்றி. கலைப் பட்டதாரிக்கு இதில் என்ன அலுவல் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சில ஆண்டுகளுக்கு முன் இத்தகைய கருவிகளைப் பற்றிய செய்முறைக் குறிப்பு ஒன்று மொழிபெயர்ப்புக்காக என் மேஜைக்கு வந்தது. சொற்களோடு மல்லுக்கட்டியதில் விஷயமும் ஒட்டிக்கொண்டது. மேலும், இந்தப் பேச்சைக் கேட்கும் உங்களில் பலர் பீவண்டியின் சாயப்பட்டறையிலோ, பெங்களூரின் மருந்து ஆலையிலோ, குஜராத்தின் பால் பதனிடும் நிலையத்திலோ, ஏதோ ஓர் அடுப்பின் முன் நின்று ஏதோ ஓர் எண்ணைப் பார்த்துக்கொண்டே பிழைக்கிறவர்கள். அந்த எண் பொய் சொன்னால் பழி வருவது உங்கள்மேல். ஆகையால் இது உங்கள் விஷயமும்தான்.

நான் சொல்லும் டிகிரிகளெல்லாம் செல்சியஸ் கணக்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் சித்தப்பாவுக்குச் சூரியநெல்லியின் அருகே ஏலத்தோட்டம் கொஞ்சம் உண்டு. பெரிய தோட்டமன்று, குடும்பம் நடத்தப் போதுமானது. ஏலக்காயைப் பறித்த அன்றே உலர்த்தும் அறையில் ஏற்றிவிட வேண்டும். அந்த அறைக்கு எங்கள் பக்கத்தில் 'ஸ்டோர்' என்று பெயர். பச்சைக் காயில் நூற்றுக்கு எண்பது பங்குக்குக் குறையாமல் ஈரம் இருக்கும். அதைப் பத்து, பன்னிரண்டு பங்காகக் குறைக்க வேண்டும். 45 முதல் 50 டிகிரி வரையிலான சூட்டில், ஏறத்தாழ ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும். சூடு குறைந்தால் காய் பூசணம் பிடிக்கும். கூடினால் பச்சை நிறம் போய்ப் பழுப்பேறும், தோல் வெடிக்கும், மணமுள்ள எண்ணெய் ஆவியாகிவிடும். ஏலத்துக்கு விலை சொல்வது நிறம். போடியிலோ புற்றடியிலோ ஏலமிடும்போது, பச்சை மங்கிய காயை வாங்க வருகிறவர் கேட்கும் விலை வேறு.

சித்தப்பா பழைய விறகடுப்பு ஸ்டோருக்குப் புதிதாக ஊதுவிசிறி ஒன்றும், அதை இயக்கி நிறுத்தும் மின்னணுப் பெட்டி ஒன்றும் வைத்தார். அறைக்குள்ளே ஓர் உணர்கோல். வெளித் திண்ணையில் பெட்டி. 50 டிகிரி என்று பெட்டியில் குறித்துவிட்டால், சூடு அந்த அளவை எட்டியதும் விசிறி நிற்கும். குறைந்தால் மீண்டும் ஓடும். மின்வேலைக்காரர் வந்து பொருத்தினார். அடுப்பு மூட்டுவதற்கு முன், ஒரு கண்ணாடி உஷ்ணமானியைக் கோலின் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். இரண்டும் ஒரே எண்ணைச் சொல்லின. எல்லோருக்கும் திருப்தி.

அன்று இரவு ஏற்றிய காய் முழுவதும் கருகிப் பழுப்பாகி வெளியே வந்தது.

"பெட்டி அம்பதுன்னுதான் தம்பி காட்டுச்சு. நானும் அதையே பாத்துக்கிட்டு விடிய விடிய உக்காந்திருந்தேன்" என்று சித்தப்பா தொலைபேசியில் சொன்னபோது, அவர் குரலில் கோபத்தைவிட வெட்கமே அதிகம் இருந்தது. காயின் தரம் கெட்டதென்று சந்தேகப்பட்டார். விறகு சரியில்லை என்று சந்தேகப்பட்டார். தம்மையும் சந்தேகப்பட்டார். பெட்டியை மட்டும் அவர் சந்தேகப்படவில்லை. அது எண்ணாகப் பேசியதல்லவா?

விடுமுறையில் ஊருக்குப் போன நான் அடுத்த சுமை ஏற்றிய இரவு அவருடன் இருந்தேன். கண்ணாடி உஷ்ணமானியை உணர்கோலின் அருகிலேயே கட்டித் தொங்கவிட்டோம். நள்ளிரவில் பெட்டி காட்டியது 50. கண்ணாடி காட்டியது 70. உடனே விறகை வெளியே இழுத்தோம். அந்தச் சுமை பிழைத்தது. பிறகு டார்ச் விளக்கோடு கம்பியைப் பின்தொடர்ந்து போனேன். கோலிலிருந்து வந்த கம்பி சூடான பரணின் கீழே ஓரிடத்தில் முடிந்து, அங்கிருந்து வீட்டு மின்விளக்குக்குப் போடும் சாதாரணத் தாமிரக் கம்பி முறுக்கி இணைக்கப்பட்டுத் திண்ணைக்கு ஓடியது. நான் மொழிபெயர்த்த குறிப்பில், செய்யக் கூடாதவற்றின் பட்டியலில், இது மூன்றாவதோ நான்காவதோ.

ஏன் கூடாது என்பதை விளக்கத்தான் வேண்டும். ஏனென்றால் கருவியைத் தேர்ந்தெடுக்கும் விஷயம் முழுவதும் இதிலேயே அடங்கியிருக்கிறது.

1821ஆம் ஆண்டில் ஸீபெக் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானி, இரண்டு வேறு உலோகங்களை வளையமாக இணைத்து ஓர் இணைப்பை மட்டும் சூடாக்கியபோது, அருகில் இருந்த திசைகாட்டியின் முள் அசைவதைக் கண்டார். இரு முனைகளுக்கும் இடையே உள்ள சூட்டு வேறுபாட்டினால் மின்சாரம் பிறக்கிறது. தெர்மோகப்பிள் எனப்படும் கருவியின் உயிர் இதுதான். தொழிற்சாலைகளில் மிகுதியாகப் பழகும் 'கே' வகையில், ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் நாற்பது பங்கு அளவே கிடைக்கும். மிகச் சிறிய குரல். ஆனால் நம்பத் தக்க குரல்.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும்: வேறுபாடு. தெர்மோகப்பிள் சூட்டைச் சொல்வதில்லை. இந்த முனைக்கும் அந்த முனைக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தைச் சொல்கிறது. அந்த முனையின் சூடு என்ன என்பதைப் பெட்டி தன்னிடத்தில் தனியாக அளந்து, அதைக் கூட்டி, நமக்கு விடை தருகிறது. ஆகையால் அந்த இரு உலோகங்களும், அல்லது அவற்றைப் போலவே நடந்துகொள்ளும் தனிக் கம்பியும், பெட்டி வரையில் தடையில்லாமல் வர வேண்டும். இடையில் தாமிரத்தை இணைத்தால் கணக்கு இணைத்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது. சித்தப்பாவின் ஸ்டோரில் கோலின் முனை 70 டிகிரி. பரணின் கீழ் இணைப்பு 40. வித்தியாசம் 30. மலைக் குளிரில் திண்ணைப் பெட்டியின் சூடு 20. முப்பதும் இருபதும் ஐம்பது! பெட்டி கூட்டியதில் பிழையில்லை. அதற்குக் கொடுத்த கணக்குத்தான் பிழை. அடுப்பு மூட்டுவதற்கு முன் பார்த்தபோது பரணும் திண்ணையும் ஒரே சூட்டில் இருந்தன; ஆகவே பிழை தலைகாட்டவில்லை. குளிர்ந்த அறையில் தேறிய கருவி வேலை நேரத்தில் தவறலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இதனோடு இன்னொரு வம்பும் உண்டு. இந்தத் தனிக் கம்பியின் நிறங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடும். சர்வதேச முறையில் 'கே' வகைக்குப் பச்சையும் வெள்ளையும், பச்சை நேர்முனை. அமெரிக்க முறையில் மஞ்சளும் சிவப்பும். அதில் சிவப்பு எதிர்முனை. நம் ஊர் மின்வேலைக்காரருக்குச் சிவப்பு என்றால் நேர்முனை என்பது ரத்தத்தில் ஊறியது. மாற்றிக் கொடுத்துவிடுவார். கோலை உள்ளங்கையில் பொத்திப் பாருங்கள். எண் ஏறினால் சரி. இறங்கினால் முனைகள் மாறிவிட்டன என்று பொருள். அரை நிமிஷ வேலை.

அப்படியானால் சித்தப்பாவுக்கு எந்தக் கருவி ஏற்றது? வேறு வகைக் கோல் ஒன்று இருக்கிறது. உலோகக் கம்பி சூடேற ஏற, மின்சாரம் பாய்வதற்குக் கொடுக்கும் தடை கூடுகிறது. பிளாட்டினத்தில் இந்த மாறுதல் மிக ஒழுங்கானது. வில்லியம் சீமன்ஸ் 1871இல் பிளாட்டினத்தைக் கொண்டு உஷ்ணமானி செய்யலாம் என்றார். சில ஆண்டுகள் கழித்துக் கேலண்டர் என்பவர் அதை நம்பத் தக்க கருவியாக ஆக்கிக் காட்டினார். இன்று கடைகளில் 'பிடி நூறு' என்று கேட்டால் கிடைப்பது அதன் பேரப்பிள்ளை. பூஜ்ய டிகிரியில் அதன் தடை சரியாக 100 ஓம். 100 டிகிரியில் 138.5 ஓம். ஒரு டிகிரிக்கு ஓம்மில் ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்றே குறைவு. இதற்குச் சாதாரணத் தாமிரக் கம்பியே போதும். ஆனால் கம்பியின் தடையும் கணக்கில் சேர்ந்துவிடும். இரு கம்பி மட்டும் போட்டு, அவற்றின் தடை ஓர் ஓம் ஆனால், எண் இரண்டரை டிகிரி கூடுதலாகக் காட்டும். ஆகையால் மூன்று கம்பி உள்ள கோலை வாங்க வேண்டும். மூன்றாவது கம்பியைக் கொண்டு பெட்டி அந்தத் தடையைக் கழித்துவிடும். கடைக்காரர் இரண்டு கம்பி போதும் என்பார். போதாது.

இரண்டுக்கும் பொதுவாக ஒரு வழி சொல்லலாம். உலையின் வாய், புகைபோக்கி, செங்கற்சூளை போன்ற பல நூறு டிகிரி இடங்களுக்குத் தெர்மோகப்பிள்; 'கே' வகை ஆயிரம் டிகிரிக்கு மேலும் தாங்கும். ஆனால் சாதாரண ரகத்தில் இரண்டு, இரண்டரை டிகிரி அப்படியும் இப்படியும் இருப்பதற்கு விதியே அனுமதிக்கிறது. உலையில் இரண்டரை டிகிரியை யார் பொருட்படுத்துவார்? பாலைப் பதனிடும்போது 72 டிகிரியில் 15 விநாடி வைக்கிறார்கள். அங்கே கோல் இரண்டரை டிகிரி கூட்டிச் சொன்னால் நோய்க்கிருமி தப்பிவிடும். அப்படிப்பட்ட இடத்துக்கும், ஏல ஸ்டோருக்கும், தேயிலை ஆலையின் பெரும்பாலான இடங்களுக்கும் பிளாட்டினக் கோலே உசிதம் என்பது என் அபிப்பிராயம். அதில் 'ஏ' வகுப்பு, 'பி' வகுப்பு என்று உண்டு. 50 டிகிரியில் 'பி' வகுப்பு அரை டிகிரிக்குச் சற்றே மேலே பிழை காட்டலாம். 'ஏ' வகுப்பு கால் டிகிரிக்குள் நிற்கும். ஏலக்காய்க்குப் 'பி' போதும். கடைக்காரர் இங்கே 'ஏ' வேண்டும் என்பார்! தெர்மிஸ்டர் என்று மூன்றாவது வகையும் உண்டு. நூறு டிகிரிக்கு உட்பட்ட இடங்களில் மிக நுட்பமாக வேலை செய்யும். வீட்டுக் குளிர்பெட்டியில் இருப்பது பெரும்பாலும் அதுதான். ஆனால் அதைப் பெட்டியோடு பொருத்தமாக வாங்காவிட்டால் பயனில்லை.

எந்தக் கோலை மாற்றினாலும், பெட்டியின் உள்ளே கோலின் வகையைக் குறிக்கும் அமைப்பையும் மாற்ற வேண்டும் என்பதை மறக்கலாகாது. புதிய கோலையும் பழைய அமைப்பையும் வைத்துக்கொண்டு கருவி கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்புகிறவர்கள் அநேகர்.

2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலத்தில் நம் எல்லோருடைய நெற்றியிலும் துப்பாக்கி போன்ற ஒரு கருவியை நீட்டினார்கள் அல்லவா? அதைத் தொழிற்சாலையிலும் பயன்படுத்துகிறார்கள். தொடாமலே, மேற்பரப்பு வீசும் கண்ணுக்குத் தெரியாத ஒளியைக் கொண்டு சூட்டைக் கணிக்கிறது. தேயிலைமேலோ தோலின்மேலோ பிடித்தால் நன்றாகவே சொல்லும். பளபளக்கும் எவர்சில்வர்த் தொட்டிமேல் பிடித்தால், தொட்டி வீசுவதைவிடச் சுற்றியுள்ள பொருள்களின் பிரதிபலிப்பையே அதிகம் கண்டு, உண்மையான சூட்டில் பாதியைக்கூடச் சொல்லாது. கையை வைத்தவர் சுட்டுக்கொள்வார். தொட்டியில் கறுப்பு நாடா ஒரு துண்டை ஒட்டி, அதன்மேல் பிடித்தால் உண்மை தெரியும்.

கோலை வாங்குவது பாதி வேலை. அதை எங்கே நிறுத்துவது என்பது மறு பாதி. மறு பாதியே கடினமானது என்று சொல்வேன். இதற்கு என் தகப்பனாரின் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர் ஒரு தேயிலை ஆலையில் உலர்த்திப் பொறியைக் கவனித்துவந்தார். கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுப்பட வைத்து நிறம் மாற்றிய பிறகு, சூடான காற்றில் உலர்த்தினால்தான் அது தேயிலை. பழைய மாதிரிப் பொறியில் உள்ளே போகும் காற்று 90, 100 டிகிரி. இலையின் ஈரத்தை வாங்கிக்கொண்டு வெளியேறும் காற்று 50, 55. வெளியேறும் காற்றின் சூட்டையே கருத்தாகக் காக்க வேண்டும். அது 50க்கு மிகவும் கீழே போனால் இலை தன் ஈரத்திலேயே வெந்து சாரமற்றுப்போகும். மேலே போனால் துகளின் வெளிப்புறம் காய்ந்து கெட்டியாகி, உள்ளே ஈரம் சிறைப்பட்டுவிடும். பெட்டியில் அடைத்துச் சில வாரம் கழித்துக் கெட்டுப்போகும். உலர்ந்த தேயிலையில் நூற்றுக்கு மூன்று பங்கு ஈரமே நிற்கலாம்.

வெளிக்காற்றின் வழியில் வட்ட முகப்புள்ள உஷ்ணமானி ஒன்று பொருத்தியிருந்தார்கள். அதன் தண்டு குட்டையானது. வெளிச்சுவரைத் தாண்டிக் காற்றுக்குள் நீட்டியது இரண்டு விரற்கடைதான். உலோகத் தண்டின் வழியே சூடு குளிர்ந்த சுவருக்கு ஓடிவிடும். முள் எப்போதும் குறைத்தே காட்டும். போதாததற்குத் தேயிலைப் பஞ்சு தண்டின்மேல் கம்பளிபோல் படிந்திருந்தது. வாசனையைக் கொண்டே இலை தீய்கிறது என்று தகப்பனார் சொன்னார். முள் 48 காட்டுகிறது, விறகு போடு என்று மேலே உத்தரவாயிற்று. போட்டார். தேயிலை கெட்டது. அவரை ஒரு வாரம் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அந்த வாரம் எங்கள் வீட்டில் உலை எப்படி வைத்தார்கள் என்பதை அம்மா மட்டுமே அறிவாள். அவர் காலமாகிப் பல ஆண்டுகளுக்குப் பிறகு, தில்லி அலுவலகத்தில், கோல் எவ்வளவு ஆழம் நுழைய வேண்டும் என்னும் வாக்கியத்தைத் தமிழாக்கியபோது அந்த முள் என் நினைவுக்கு வந்தது. உறையின் குறுக்களவைப்போல் பத்து மடங்காவது உள்ளே நீள வேண்டும். காற்றை அளப்பதானால் பதினைந்து, இருபது மடங்கு நல்லது. ஆறு மில்லிமீட்டர் பருமனுள்ள கோல் என்றால் காற்றில் நான்கு அங்குலமாவது நுழைய வேண்டும். அந்த வாக்கியத்தில் நான் அன்று முழுவதும் நின்றுவிட்டேன்.

கோல் தன் சூட்டை மட்டுமே அறியும். இலையின் சூட்டையோ காயின் சூட்டையோ அது அறியாது. தன்னைச் சுற்றியுள்ளதன் சூட்டைத் தான் எய்தும்படி நாம் அதை வைத்திருந்தால், அதன் பேச்சு நமக்குப் பயன்படும். தண்ணீரில் சில விநாடியில் எய்திவிடும். அசையாத காற்றில் பல நிமிஷம் ஆகும். தடித்த உறைக்குள் போட்டால் இன்னும் தாமதம். ஆகவே சூடு சட்டென்று மாறும் இடத்தில் மெல்லிய கோல். அரிப்பும் அழுத்தமும் உள்ள இடத்தில் தடித்த உறை, தாமதத்தைச் சகித்துக்கொண்டு. சூடான குழாயைப் 'பார்த்துக்கொண்டு' நிற்கும் கோல் அதன் அனலை நேரே வாங்கிக் காற்றைவிட மிகுதியாகச் சொல்லும். நடுவே ஒரு தகடு நிறுத்தினால் போதும்.

ஏல ஸ்டோரில் குழாய் தரையை ஒட்டி ஓடுகிறது, சூடு மேலேறுகிறது, கதவுப் பக்கம் குளிர். சித்தப்பாவின் கோல் கதவின் மேல் இருந்தது, கம்பி இழுக்கச் சௌகரியம் என்பதற்காக. அதை நடுத் தட்டுகளின் இடையில், தட்டின் கம்பியைத் தொடாமல், காய்களின் மட்டத்தில் கட்டினோம். ஓர் இரவு நான்கு மூலைகளிலும் கண்ணாடி உஷ்ணமானிகளை வைத்து மணிக்கு ஒரு முறை பார்த்து எழுதினோம். மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் ஆறு டிகிரி வித்தியாசம் தெரிந்தது. அதை எந்தக் கோலாலும் தீர்க்க முடியாது. தட்டுகளைப் பாதி இரவில் மாற்றி அடுக்குவதுதான் வழி. இப்போது அப்படியே செய்கிறார்.

கருவி சரிதானா என்று சோதிப்பது எப்படி? இங்கே மலைவாசிகளுக்கென்று ஒரு பொறி காத்திருக்கிறது. கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். ஒருவர் கோலைக் கொதிநீரில் விடுகிறார், 95 காட்டுகிறது. கருவி ஐந்து டிகிரி குறைவு என்று முடிவுகட்டி, பெட்டியில் ஐந்தைக் கூட்டிவிடுகிறார். இனி 50 என்று காட்டும்போது ஸ்டோரில் இருப்பது 45தான். காய் உலராது. உண்மையில் கருவியில் குற்றமில்லை. உயரம் ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைகிறது. ஏறத்தாழ ஆயிரம் அடிக்கு ஒரு டிகிரி வீதம் தண்ணீர் முன்னதாகவே கொதித்துவிடுகிறது. ஐயாயிரம் அடி உயரமுள்ள மூணாற்றில் 95. ஏழாயிரம் அடிக்கு மேலுள்ள கொழுக்குமலையில் 93க்கும் கீழே. மலைமேல் பருப்பு வேகாது என்று எங்கள் பாட்டிமார் அலுத்துக்கொண்டதன் காரணம் இதுவே. பெங்களூரில் இருக்கும் நேயர்களுக்குச் சொல்கிறேன்: உங்கள் ஊரிலும் 97தான்.

பனிக்கட்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. அது உருகும் சூடு மலையிலும் கடற்கரையிலும் பூஜ்யமே. நல்ல தண்ணீரில் உறையவைத்த பனிக்கட்டியைப் பொடியாக நொறுக்கி, வாய் அகன்ற பிளாஸ்க்கில் நிரப்புங்கள். இடுக்குகள் நிறையும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் மிகுந்தால் அடியில் பூஜ்யத்துக்கு மேலான சூடு தங்கிவிடும். கோலை நடுவில் ஆழமாக நுழைத்து, கிளறிவிட்டுப் பத்து நிமிஷம் பொறுங்கள். பூஜ்யத்திலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அதைத் தேதியோடு எழுதிவையுங்கள். அடுத்த மாதமும் பாருங்கள். விலகல் மாதந்தோறும் வளர்ந்தால் கோலுக்கு ஆயுள் முடிகிறது.

பூஜ்யத்தில் சரியாக இருந்தால் 50இலும் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. அதற்குச் சான்று பெற்ற மற்றொரு உஷ்ணமானியோடு ஒப்பிட வேண்டும். அந்தச் சான்று வேறொன்றோடு ஒப்பிட்டது, அது இன்னொன்றோடு, இப்படியே ஏறிக்கொண்டு போனால், இந்த நாட்டில் ஏணியின் உச்சி தில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம். என் அலுவலகத்துக்குப் போகும் வழியில் அதைப் பார்க்கிறேன். அதன் முதல் இயக்குநர் நம் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் என்பதைத் தில்லித் தமிழர்களிலேயே பலர் அறியார். ராமனோடு 1928இல் உழைத்தவர் என்று மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். பிற்காலத்தில், மின்சாரத்தால் சூடேறிய இழையின் நெடுகச் சூடு எப்படிப் பரவி நிற்கிறது என்று அவர் ஆராய்ந்தார். 1961இல் காலமாகும் வரை அந்த ஆய்வுக்கூடத்தை நடத்தினார்.

ஒரு சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. 'வெப்பம்' வேறு, 'வெப்பநிலை' வேறு என்று எங்கள் அலுவலகத்தில் சண்டையே நடந்திருக்கிறது. ஒரு கரண்டி கொதிநீரும் ஓர் அண்டா கொதிநீரும் ஒரே வெப்பநிலை. ஆனால் அண்டாவில் வெப்பம் அதிகம். தமிழில் 'சூடு' என்றால் இரண்டும் அடங்கிவிடுகிறது. இந்தப் பேச்சில் நான் சூடு என்றே பெரும்பாலும் சொல்லியிருக்கிறேன். என் மேலதிகாரி கேட்டுக்கொண்டிருந்தால் மன்னிக்க வேண்டும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. கோல் கழன்று கீழே விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது குளிர்ந்த தரையின் சூட்டைச் சொல்லும். பெட்டி, போதவில்லை என்று விசிறியை ஓட்டிக்கொண்டே இருக்கும். உள்ளே காய்ந்த காயும் மரத்தட்டும். தீப்பிடிப்பதற்கு வேறு என்ன வேண்டும்? ஆகையால் கட்டுப்படுத்தும் கோல் ஒன்று, காவலுக்கு வேறு கோல் ஒன்று என்று தனித்தனியாக வைக்க வேண்டும். இரண்டாவது கோல், குறித்த எல்லையைச் சூடு தாண்டியதும் யாரையும் கேளாமல் விசிறியின் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். மனிதர் வந்து பார்த்த பிறகே மீண்டும் ஓடும். கம்பி அறுந்தால் எண் மிகவும் மேலே போகும்படி பெட்டியில் அமைக்கவும் வழியுண்டு. அப்போது பெட்டி விசிறியை நிறுத்தும். காய் பாழானாலும் ஸ்டோர் மிஞ்சும். சித்தப்பா இந்த இரண்டாவது கோலுக்குச் செலவழிக்க மனமில்லாமல் ஒரு பருவம் தள்ளிப்போட்டார். அடுத்த வளைவில் ஒருவரது ஸ்டோர் எரிந்த பிறகு வாங்கினார்.

போன முறை நான் சென்றபோது, திண்ணைச் சுவரில் ஆணியடித்து ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கவிட்டிருந்தார். இடப் பக்கத்தில் பெட்டியின் எண். வலப் பக்கத்தில் கண்ணாடி உஷ்ணமானியின் எண். மூன்றாவது கட்டத்தில் 'கை' என்று தலைப்பு. அது என்ன என்று கேட்டேன். மணிக்கு ஒரு முறை உள்ளே போய், நடுத் தட்டிலிருந்து ஒரு காயை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்துத் தமக்குத் தோன்றுவதை எழுதுகிறாராம். "மூணும் ஒத்துப்போனா அன்னிக்கு நான் கொஞ்சம் தூங்குவேன்" என்றார்.